சூடு ஆறாத கட்டில்

இல்ல சார், நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கிறேன். பக்கத்துல எடம் இருக்கு, தெரியுது, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். இப்பத்தான ஒரு அம்மா எந்திரிச்சு எறங்குனாங்க? அவங்க உக்காந்த சூடு இன்னும் சீட்டுல இருக்கும். அது ஆறட்டும். அப்புறம் உக்காந்துக்கிறேன்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க சிரிங்க. என் பொண்டாட்டியே சிரிக்கிறா, நீங்க சிரிச்சா என்ன. ஊர்ல எனக்குப் பேரே "ஆறட்டும்"னு வெச்சுட்டானுங்க. டீக்கடை பெஞ்சுல ஒருத்தன் எந்திரிச்சா, "மாமா, அஞ்சு நிமிஷம் பொறு, ஆறட்டும்"கிறானுங்க. நானும் சிரிச்சுக்கிறது. வேற என்ன செய்யிறது.

இந்த மாஸ்க்கா? பயப்படாதீங்க சார், எனக்கு ஒரு நோயும் இல்ல. பழக்கமாப் போச்சு. எல்லாரும் கழட்டிக் கடாசிட்டாங்க, நான் கழட்டல. மூஞ்சிய மூடிக்கிட்டா ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

சூசையப்பர்புரம் விலக்கு ஒண்ணு குடுங்க கண்டக்டர். என்னது? போன வருசமா? நான் இல்லைங்க. வேற யாராச்சும் இருக்கும். மாஸ்க் போட்டவன் எல்லாம் நான்தானா? டிக்கெட்டக் குடுங்க முதல்ல.

பாத்தீங்களா சார், இந்தாளு ஞாபகத்த. அறந்தாங்கி திருவாடானை ரூட்டுல எத்தன ஆயிரம் பேரு ஏறி எறங்குறான், என்னைய மட்டும் ஞாபகம் வெச்சிருக்கான். ஆமா, நான்தான். போன வருசமும் நான்தான், அதுக்கு முந்துன வருசமும் நான்தான், அதுக்கும் முந்தி ஒருக்கா. ஊருக்குப் பிரியுற அந்த விலக்குக்கு டிக்கெட் எடுப்பேன், எறங்க மாட்டேன். நேரா திருவாடானை போயி ஒரு டீயக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். வருசா வருசம் இதே நவம்பர் ரெண்டு. கல்லறைத் திருநாளு. அதான் பஸ்ஸுல பாருங்க, ஆளாளுக்கு மெழுகுவத்தியும் பூவுமா வெச்சிருக்காங்க.

நான் வேதக்காரன் இல்ல சார், கிறிஸ்தவன் இல்ல. பேராவூரணிப் பக்கம், நீலமேகம்னு பேரு. வேதக்காரரு சவரிராயன். சூசையப்பர்புரத்துக்காரரு. எனக்கு அவரு யாருன்னு கேட்டீங்கன்னா, சொந்தம் இல்ல, பந்தம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்தவங்க.

அய்யய்ய, அப்படிப் பாக்காதீங்க. கட்டிலு ஒண்ணு, ஆளு ரெண்டு, ஆனா ஒண்ணாப் படுக்கல. அவரு பகல்ல படுப்பாரு, நான் ராத்திரில படுப்பேன். வளைகுடாவுல நான் பதினோரு வருசம் இருந்தேன் சார். ஓட்டல், ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் வெளுத்து, இஸ்திரி போட்டு அனுப்புற கம்பெனி. எனக்குப் பகல் ஷிஃப்ட்டு, அவருக்கு ராத்திரி ஷிஃப்ட்டு. ஒரு ரூம்ல எட்டுக் கட்டிலு, பதினாறு பேரு. சாயங்காலம் எங்களக் கொண்டாந்து விடுற அதே பஸ்ஸு அவங்கள ஏத்திக்கிட்டுப் போவும். காலையில அவங்களக் கொண்டாந்து விட்டுட்டு எங்கள ஏத்திக்கும். உலகத்துக்கே பெட்ஷீட்டு மாத்திக் குடுக்குறோம், எங்க கட்டில்ல ரெண்டு பேருக்கு ஒரே பெட்ஷீட்டுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அந்த ரூம்ல ஏசிய பதினாறுல வெச்சு விட்ருவானுங்க. கை காலெல்லாம் வெறச்சுப் போயிரும். அப்ப, அவரு எந்திரிச்ச கையோட போயிப் படுத்தா, கட்டிலு சூடா இருக்கும் பாருங்க... சத்தியமாச் சொல்றேன் சார், அது ஒரு சொகம். அம்மா மடி மாதிரின்னு சொல்ல வரல, ஆனா வேற என்னன்னு சொல்லத் தெரியல. நான் உள்ள நுழையிறப்ப அவரு சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு நிப்பாரு. "படுடா நீலா, சூடு ஆறிடப் போவுது"ம்பாரு. தெனம். அஞ்சு வருசம் தெனம். காலையில அவரு வர்றப்ப நானும் அதையே திருப்பிச் சொல்வேன். "படுங்கண்ணே, சூடு ஆறிடப் போவுது."

அஞ்சு வருசத்துல நாங்க உக்காந்து பேசுனதக் கூட்டுனா ஒரு மாசம் வராது. வெள்ளிக்கிழமை லீவுல மீன் வாங்கிக் கொழம்பு வெப்பாரு, அன்னைக்குத்தான் பேச்செல்லாம். மத்த நாள்ல தலகாணிதான் பேசும். அவரு எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்ட தலகாணிக்கு அடியில வெச்சுட்டுப் போவாரு. நான் ஒரு வாழப்பழத்த வெச்சுட்டுப் போவேன். அவரு ஜெபமாலையும் அங்கதான் இருக்கும். அத மட்டும் நான் தொட மாட்டேன்.

இப்ப ஆறியிருக்குமா? இருங்க, பொறங்கைய வெச்சுப் பாக்குறேன். ம்ஹூம். லேசா இருக்கு இன்னும். இல்லையா? ஆறிடுச்சுங்கிறீங்களா? இருக்கட்டும் சார், எனக்கு ஒண்ணும் காலு வலிக்கல.

அப்பத்தான் அந்தக் கொரோனா வந்துச்சு. ஓட்டலெல்லாம் பூட்டிட்டானுங்க. அங்கேருந்து பெட்ஷீட்டு வரல. பதினாறு பேரும் ரூம்லயே கெடந்தோம், பாதிப் பேரு தரையில. நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஷிஃப்ட்ட மாத்தல. அவரு பகல்லயே படுத்துக்கிட்டாரு, நான் ராத்திரில. ஜன்னலத் தொறந்தா ரோட்டுல வெள்ள வேன் போவும். அந்த ரூம்ல ஒருத்தன், இந்த ரூம்ல ஒருத்தன்னு ஏத்திக்கிட்டுப் போவும். போனவன் பாதிப் பேரு திரும்பல. செத்தா அங்கேயே பொதைச்சிருவாங்கன்னாங்க. மூஞ்சியக்கூட யாருக்கும் காட்ட மாட்டாங்கன்னாங்க.

எனக்குப் பயம் வந்துருச்சு சார். சொல்றதுக்கு என்ன வெக்கம். பதினோரு வருசமா ஊருக்கு வா வான்னு என் பொண்டாட்டி வாசுகி கரடியாக் கத்துனா, நான் அசையல. அன்னைக்கு ஒரு வேனப் பாத்தேன், முடிவு பண்ணிட்டேன். செத்தாலும் ஊர்ல போயிச் சாவுறதுன்னு. சிறப்பு விமானம் விடுறாங்கன்னு சொன்னாங்க, பேரப் பதிஞ்சேன்.

சவரிராயன் அண்ணன் பதியல. அதையும் சொல்லிடுறேன். அவருக்கு வர இஷ்டமே இல்ல. ஆஸ்பத்திரித் துணி மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு இருபது பேரு வேணும்னு கம்பெனிக்காரன் கேட்டான். "நான் இருந்துக்கிறேன்டா, சம்பளம் நின்னுச்சுன்னா பொண்ணு படிப்பு நின்னுரும்"னாரு. அவரு சம்சாரம், பிலோமினான்னு பேரு, எனக்கு அண்ணி முறை, அது போன்லயே அழுதுச்சு. ஆஸ்பத்திரித் துணியத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னு. மனுசன் சத்தியம் பண்ணிட்டாரு. அப்புறம் நான் விடல. "நீங்க இல்லாம நான் மட்டும் எப்படிண்ணே போவேன், கெளம்புங்க"ன்னு ஒரு வாரம் நச்சரிச்சு, நானே அவரு பேரயும் பதிஞ்சு விட்டேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்? சொல்லுங்க. அண்ணன் தம்பியா நெனச்சுத்தானே செஞ்சேன்?

ரெண்டு பேரு பேரும் ஒரே லிஸ்ட்டுல வந்துச்சு. ஞாயித்துக்கிழமை விமானம். வியாழக்கிழமை நாங்க தங்கியிருந்த கேம்ப்புக்கே வந்து மூக்குல குச்சி விட்டு டெஸ்ட்டு எடுப்பாங்க, சனிக்கிழமை ரிசல்ட்டு. இல்லைன்னு வந்தவன் ஊருக்கு, இருக்குன்னு வந்தவன் வேனுக்கு. அவ்வளவுதான் கணக்கு.

செவ்வாக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்துச்சு.

சாதாரணக் காய்ச்சல் சார். ஏசியில கெடந்தா வராதா? எனக்கு வருசத்துக்கு ரெண்டு தடவ வரும். ஒடம்பு வலி, லேசா இருமல், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. சவரிராயன் அண்ணன்தான் மொளகு ரசம் வெச்சுக் குடுத்தாரு. அவருக்கு ஒரு தும்மல்கூட இல்ல, கல்லு மாதிரி இருந்தாரு. "பேசாம இருடா, நான் உன் கார்டக் கொண்டு போயி குடுத்துட்டு வந்துர்றேன். அவங்களுக்கு நாம எல்லாம் ஒரே மூஞ்சிதான், அதுலயும் மாஸ்க் வேற"ன்னாரு. அவராத்தான் சொன்னாரு.

சரி, அவராச் சொல்லல. நான்தான் கேட்டேன். கேட்டா என்ன? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? வாய் இருக்குல்ல?

அங்க குடுக்கிற அடையாளக் கார்டு இருக்கு, பத்தாக்கான்னு சொல்வோம். அதுல இருக்கிற போட்டோ பழசு, மீசையும் கருப்பும்தான் தெரியும். டெஸ்ட்டு எடுக்குற கூடாரத்துல உக்காந்திருக்கிறவன் நம்பரத்தான் பாப்பான், மூஞ்சியப் பாக்க மாட்டான். எரநூறு பேரு நிக்கிறோம், எவன் பாக்குறான். அதனால திட்டம் என்னன்னா, அவரு முதல்ல என் கார்டக் கொண்டு போயி என் பேருக்குக் குடுத்துருவாரு. அப்புறம் சட்டைய மாத்திக்கிட்டு வரிசையோட கடைசியில நின்னு, அவரு பேருக்கும் அவரே குடுத்துருவாரு. நான் ரூமை விட்டே வர வேண்டாம். நல்ல திட்டம்தானே?

கூட்டம் ஏறுது பாருங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் நகந்துக்கிறேன். சரி, நானே உக்காந்துர்றேன். இவ்வளவு நேரத்துக்கு ஆறியிருக்கும்.

ம்.

ஒண்ணும் இல்ல சார். கேளுங்க.

என் பேருக்கு டெஸ்ட்டு குடுத்துட்டு வந்தாரு. வந்து கையக் காட்டுனாரு. மணிக்கட்டுல ஊதாக் கலர்ல ஒரு முத்திரை. டெஸ்ட்டு குடுத்தவனுக்கெல்லாம் குத்தி விடுறானுங்க, சோப்புப் போட்டாலும் போகல, தின்னர் போட்டாலும் போகல. அவரு மறுபடி வரிசையில போயி நிக்க முடியாது. இத நாங்க எதிர்பாக்கவே இல்ல. வெளிய வரிசையில இருபது பேருதான் பாக்கி. அவரு கார்டு அவரு கையிலேயே இருக்கு. குடுக்க ஆளில்ல.

ரெண்டு பேரும் கட்டில்லதான் உக்காந்திருந்தோம். ரெண்டு பேரும் சேந்தாப்புல அந்தக் கட்டில்ல உக்காந்ததே கொறச்சல். அவரு என்னையப் பாத்துக் கேட்டாரு: "நீ போயி என் பேருக்குக் குடுத்துட்டு வர்றியா? ஒனக்குச் சாதாரணக் காய்ச்சல்தானடா?"

கேள்வியாத்தான் கேட்டாரு சார். கேள்வியாத்தான் கேட்டாரு.

அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னா, நான் கோடாலித் தைலம் தேச்சுக்கிட்டேன். நெத்தியில தேச்சேன், மூக்குக்குக் கீழ தேச்சேன். கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுது. வாசன வரல. பாட்டில மூக்குலயே சொருகிப் பாத்தேன். வரல. வெறும் காத்து. வாசன போச்சுன்னா என்ன அர்த்தம்னு அப்ப பச்சப்புள்ளைக்கும் தெரியும். பாட்டில மூடி வெச்சுட்டேன். அவருகிட்ட சொல்லல.

"ஆமாண்ணே, சாதாரணக் காய்ச்சல்தான்"னேன்.

அவரு கார்ட எடுத்துக்கிட்டுப் போயி நின்னேன். வெள்ள டிரெஸ் போட்டவன் நம்பரப் பாத்தான். தலையத் தூக்காமலே பேரக் கேட்டான். "சவரிராயன்"னேன். தெளிவாச் சொன்னேன். மாஸ்க்க எறக்கச் சொன்னான், மூக்குல விட்டான், முத்திரை குத்துனான். அரை நிமிஷந்தான் சார். அரை நிமிஷம் நான் சவரிராயன்.

திட்டுறதுன்னா திட்டிருங்க.

சனிக்கிழமை சாயங்காலம் எங்க கேம்ப்பப் பாத்துக்கிற சூப்பர்வைசர் லிஸ்ட்ட வாசிச்சான். நீலமேகம், இல்லை. சவரிராயன், இருக்கு. அண்ணன் அப்பத்தான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தாரு. பொண்ணுக்கு வாங்குன செருப்பு ஒரு ஜோடி பெட்டிக்குள்ள வைக்காம மேலயே வெச்சிருந்தாரு. அன்னைக்குக் காலையிலதான் அண்ணிக்குப் போன் போட்டு, "எனக்கு ஒரு கொறையும் இல்ல பிலோமி, தலவலிகூட இல்ல, டெஸ்ட்டும் குடுத்துட்டேன், திங்கக்கிழமை வீட்டுல இருப்பேன்"னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். என் காதுபடத்தான் சொன்னாரு.

வேன் வந்துச்சு. அவரு என்னையப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். ஒரு வார்த்த அவரு சொல்லியிருந்தா போதும். "அது என் மூக்கு இல்ல, இவன் மூக்கு"ன்னு சொல்லியிருந்தா போதும். சொல்லல. எனக்கு அதுதான் சார் கோவம், இன்னைக்கு வரைக்கும். சொல்லியிருக்கணும்ல? ஆள்மாறாட்டம்னு ரெண்டு பேரயும் உள்ள தள்ளியிருப்பான், சரி, தள்ளட்டுமே! உசுரோட இருந்திருப்பாருல்ல! நான் சொல்லியிருக்கலாம்னு கேப்பீங்க. எனக்குக் காய்ச்சல் சார். காய்ச்சல்ல ஒருத்தன் என்ன பேச முடியும்.

வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி திரும்புனாரு. அவரு பகல் பூரா படுத்திருந்த கட்டிலு. என் மொறை வந்துருச்சு. "படுடா நீலா, சூடு ஆறிடப் போவுது"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை நான் ஏறிட்டேன். விமானத்துல எனக்குப் பக்கத்து சீட்டு ஒரு புள்ளத்தாச்சி, நெறமாசம். நான் இருமுறப்பல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் இருமுனேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நல்லாத்தான் பிரசவம் ஆயிருக்கும். ஆயிருக்கும்ல?

திருச்சியில ஒரு காலேஜ் ஆஸ்டல்ல பதினாலு நாள் தனியா வெச்சாங்க. எனக்குக் காய்ச்சல் மூணே நாள்ல விட்டுருச்சு. கூட்டிப் பெருக்குன சுத்தமான ரூமு, இரும்புக் கட்டிலு, மாசக்கணக்கா எவனும் படுக்காத கட்டிலு. மொத நாள் போயிப் படுத்தேன். சூடா இருந்துச்சு சார்.

வெயிலுன்னு நெனச்சேன். பெட்ட மாத்திப் போட்டேன். தண்ணி தெளிச்சேன். தரையில படுத்தேன், தரையும் சூடா இருந்துச்சு. அந்தச் சூடு எனக்குத் தெரியும் சார், அஞ்சு வருசம் அதுல படுத்தவன். ஆளு ஒருத்தன் இப்பத்தான் எந்திரிச்சுப் போன சூடு. நடுமுதுகுக்கு நேரா அதிகமா இருக்கும், காலுமாட்டுல கொஞ்சமா இருக்கும். அதேதான்.

அண்ணன் அங்க ஒரு பெரிய குடோன்ல இருந்தாரு. எரநூறு கட்டிலாம், எல்லாம் சீக்காளி. எனக்குப் போன் போட்டாரு. ரெண்டு மூணு தடவ போட்டாரு. நான் எடுக்கல... சார்ஜர் இல்ல சார். இருந்துச்சு, எடுக்கல. குரல்ல ஒரு மெசேஜ் போட்டிருந்தாரு. ஒரு வாரம் கழிச்சு. அப்ப அவருக்கு நெசமாவே வந்துருச்சு. இருமலுக்கு நடுவுல பேசுறாரு. "தனிக் கட்டிலு குடுத்துட்டானுங்கடா நீலா. பகலு ராத்திரி எப்ப வேணாலும் படுத்துக்கலாம். ஆனா சில்லுன்னு கெடக்குடா. எவனும் படுக்காத கட்டிலு, சில்லுன்னு கெடக்கு." அவ்வளவுதான். என்மேல ஒரு வார்த்த கோவம் இல்ல அதுல. நூறு தடவ கேட்டுட்டேன், ஒரு வார்த்த இல்ல. திட்டியிருந்தாருன்னா நான் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

அதுக்கப்புறம் நாலு நாள்தான். அங்கேயே பொதைச்சுட்டாங்க.

இப்ப அந்தப் பிலோமினா அண்ணி கதைக்கு வர்றேன். அது என்னைய விட மாட்டேங்குது சார். நாலு வருசமாப் போன். மாசத்துக்கு ஒருக்கா வந்துரும். ஒரே கேள்வி. "தம்பி, நீங்க ஒரே கட்டில்ல படுத்தவங்க. அவருக்கு எப்பத்துலேருந்து காய்ச்சலு? சனிக்கிழமை காலையில எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாரே, சாயங்காலம் எப்படி இருக்குன்னு வந்துச்சு?" மொதத் தடவ கேட்டப்ப நான் ஆஸ்டல்ல இருக்கேன், அவரு செத்து ரெண்டு நாளு. என்னத்தச் சொல்வேன்? வாய்க்கு வந்ததச் சொன்னேன். "ஆஸ்பத்திரித் துணிக்குப் போயிருப்பாரு போல அண்ணி, உங்கள்ட்ட மறைச்சிருப்பாரு"ன்னேன்.

அத அந்தப் பொம்பள அப்படியே புடிச்சுக்கிச்சு. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு மீறிட்டாரு, சீக்கு வந்தத மறைச்சு எங்கிட்ட பொய் சொன்னாரு, கடேசியா எங்கிட்ட பேசுனதே பொய்யின்னு. ஊர்ல கோயில் சார்புல அவருக்கும் ஒரு கல்லறை கட்டிருக்காங்க சார், உள்ள ஆளு இல்லாத கல்லறை, பேரு மட்டும் எழுதிருக்கு. வருசா வருசம் இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுவத்தி ஏத்துவாங்க, சாமியாரு வந்து மந்திரிப்பாரு. இது மட்டும் ஏத்தாது. பொண்ணு ஏத்தப் போனாலும் தட்டி விட்ருதாம். "பொய் சொன்ன மனுசனுக்கு என்ன வெளிச்சம்"னு. நாலு வருசமா அந்த ஒரு கல்லறை மட்டும் இருட்டாக் கெடக்கு.

செத்தவரப் பொய்க்காரரு ஆக்குனது நான். நாந்தான் சார். அவரு வாழ்க்கையில பொய்யே சொல்லாதவரு, என் ஒருத்தனுக்காக ஒரு தடவ முத்திரை வாங்கிக்கிட்டாரு.

ஒவ்வொரு வருசமும் சொல்லிடணும்னுதான் கெளம்புறேன். இந்தப் பையில பாருங்க, அவரு ஜெபமாலை. தலகாணிக்கு அடியிலயே விட்டுட்டுப் போயிட்டாரு, நான் எடுத்துட்டு வந்தேன். குடுக்கல. தபால்ல அனுப்பலாம், அதுவும் அனுப்பல. விலக்கு வரும், கண்டக்டர் விசிலடிப்பான், எனக்குக் காலு வராது. இந்த வருசம் அண்ணிகிட்ட சொல்லிட்டேன், வர்றேன்னு. பஸ்ஸு நேரத்தக்கூடச் சொல்லிட்டேன். "நானே ரோட்டுக்கு வந்து நிக்கிறேன் தம்பி. என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லுங்க, அவரு எங்கிட்ட பொய் சொன்னாருன்னு. அதோட மனசத் தேத்திக்கிறேன், ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்"னுச்சு.

எல்லாத்தையும் சொல்லிடப் போறேன் சார். கார்டு மாத்துனது, முத்திரை குத்துனது, எல்லாம். தைலம் வெவகாரத்த மட்டும் விட்ருவேன். அது எதுக்கு? எனக்கும் சாதாரணக் காய்ச்சல்னுதான் தெரியும்னு சொல்லிருவேன். பொம்பள மனசு, தாங்காது. அதுக்காகத்தான்.

என்ன, விலக்கு வந்துருச்சா? அதுக்குள்ளயா?

அங்க பாருங்க. அந்தப் புளியமரத்துக்கிட்ட, ஊதாச் சேலை. அதுதான். போட்டோவுல பாத்திருக்கேன். கையில மெழுகுவத்தி இல்ல பாருங்க, எல்லாரு கையிலயும் இருக்கு, அது கையில மட்டும் இல்ல. வெறுங்கையோட வந்து நிக்குது.

எறங்குறேன் சார். எறங்கத்தான் போறேன். அவங்கல்லாம் எறங்கட்டும், பூவெல்லாம் கசங்கிரும். இருங்க. ஒரு நிமிஷம். காலு மரத்துப் போச்சு.

ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டு வருது. என்னையத் தெரியாது சார், மாஸ்க் இருக்கு. என்னையப் பாக்காதீங்க. நீங்க என்னையப் பாத்தீங்கன்னா கண்டுபுடிச்சிரும். ரோட்டப் பாருங்க. சார், உங்களக் கேக்குது, பேராவூரணி நீலமேகம்னு யாராச்சும் இருக்காங்களான்னு. தெரியாதுன்னு சொல்லிருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன் சார்.

என்னம்மா? என்னையா? நீலமேகமா? இல்லம்மா. நான் வேற ஆளு. திருவாடானை போறேன். அவரு அடுத்த பஸ்ஸுல வருவாரா இருக்கும்.

என் பேரா?

சவரிராயன்.

...

சார். நான் இப்ப என்ன சொன்னேன்? என் வாயில என்ன பேரு வந்துச்சு சார்?

விசிலடிக்காதீங்க கண்டக்டர்! இருங்க! எறங்கணும். வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க. அண்ணி, போயிராதீங்க, நில்லுங்க. இந்தா மாஸ்க்க எறக்கிட்டேன், பாருங்க, நான்தான். நான்தான் நீலமேகம். அண்ணன் உங்கள்ட்ட பொய் சொல்லல அண்ணி. அவருக்குக் காய்ச்சலே இல்ல. அன்னைக்கும் ஒருத்தன் என்னைய இதே மாதிரி பேரு கேட்டான், அன்னைக்கும் இதே பேரத்தான் சொன்னேன். எனக்கு வாசன போயிருந்துச்சு அண்ணி. தெரிஞ்சேதான் சொன்னேன்.

ஏம்மா, இப்ப ஏறுன பொண்ணு, நீ உக்காரு, அந்தச் சாருக்குப் பக்கத்துல எடம் இருக்கு. இல்ல, கொஞ்சம் பொறும்மா. இப்பத்தான் நான் எந்திரிச்சேன். ஆறட்டும்.